காதுக்குள் ஓயாத 'கீ' சத்தம்: ராத்திரிக்கு ஃபேன், ரேடியோ வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

ஓடாவி_ஆரையம்பதி (இரவு 1.40)

எல்லோருக்கும் வணக்கம். மரவேலை எனக்குத் தொழில். இருபத்திரண்டு வருடமாகப் பிளேனர், சுற்றுவாள் என்று மிஷின்களுக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். போன சித்திரைக்குப் பிறகு இரண்டு காதுக்குள்ளும் ஒரு சத்தம், வலது பக்கம் கொஞ்சம் கூட. பழைய பெட்டி ரீவியைப் போட்டுவிட்டு சத்தத்தை முழுக்கக் குறைத்தாலும் ஊசி மாதிரி ஒரு 'கீ' மிஞ்சி நிற்குமே, அதே சத்தம்.

பகலில் தெரியாது. பட்டறையைப் பூட்டி, குளித்து, சாப்பிட்டு, பிள்ளைகள் படுத்து, ஒழுங்கை நாய்களும் அடங்கிய பிறகுதான் தொடங்கும். தொடங்கும் என்று சொல்வதும் பிழை. அது எந்நேரமும் இருக்கிறது. மற்றதெல்லாம் அடங்கிப்போக அது மட்டும் மிஞ்சுகிறது.

ஒரு தனியார் இடத்தில் காட்டினேன். காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார்கள். நரம்பு, மருந்தில்லை, பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஒரு விட்டமின் எழுதித் தந்தார்கள். மூன்று நிமிடத்தில் வெளியே நிற்கிறேன். எப்படிப் பழகுவது என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

மகன் போனில் நீர்வீழ்ச்சிச் சத்தம் ஒன்று எடுத்துத் தந்தான். இயர்போனை மாட்டி, 'கீ' கேட்காமல் போகும் வரைக்கும் கூட்டிவிட்டுப் படுத்தேன். நித்திரை வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் விடியக் கழற்றிப் பார்த்தால் முன்னையதைவிட இரண்டு மடங்கு. நாலாம் நாள் விட்டுவிட்டேன்.

இப்போது இரவு 1.40. ஃபேன் ஓடுகிறது, கொஞ்சம் உதவிதான். ஏதாவது ஒரு சத்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதோடு காலம் தள்ளுகிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். எந்தச் சத்தம், எவ்வளவு சத்தம், விடிய விடியவா? 'யோசிக்காதீர்கள்' என்று மட்டும் சொல்ல வேண்டாம், அதை வீட்டிலேயே நிறையச் சொல்லிவிட்டார்கள்.

வாவிக்கரையான் (காலை 6.15)

மட்டக்களப்பானுக்கு மீன் பாடாமல் வேறென்ன பாடும்? வாவியில் மீன் பாடும் என்று எல்லோரும் காது கொடுக்கிற கல்லடிப் பாலத்துக்குப் போகாமலே காதுக்குள் கச்சேரி. குடுத்து வைத்த ஆள் :)

நெசவு_மருதமுனை (காலை 9.50)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வாவிக்கரைத் தம்பி, இந்த மீன் பகிடியை மட்டக்களப்புக்கு வரும்போதெல்லாம் ஒருவராவது எனக்குச் சொல்லிவிடுவார். சரி, சொல்லுங்கள்.

ஓடாவித் தம்பி, எனக்கு இது பதினொரு வருடம். வாப்பா காலத்தில் கைத்தறி. பிறகு நான் விசைத்தறிக் கொட்டிலில் நின்றேன். நாடா அங்காலும் இங்காலும் அடிபடும் சத்தத்துக்குள் ஒன்று சொல்வதென்றால் ஆளின் காதுக்குள் வாயை வைத்துக் கத்தவேண்டும். பாதி நேரம் கையால்தான் பேசிக்கொள்வோம். தறி நின்ற பிறகு காதுக்குள் தறி ஓடும். எனக்கு 'கீ' இல்லை, 'ஸ்ஸ்' என்று ஆவி பறக்கிற சத்தம். அடுப்பை நிறுத்தாத குக்கர்.

இரவில் ஃபேன் இல்லாமல் நான் படுப்பதில்லை. மாரி காலத்தில் வீட்டில் எல்லோரும் போர்த்திக்கொண்டு கிடக்க நான் மட்டும் ஃபேனைப் போடு என்பேன். மனைவிக்கு விடாத தடிமன். கடைசியில் மேசை ஃபேனைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். காற்று சுவருக்கு, சத்தம் எனக்கு. ஏழு வருடமாக இதுதான் ஒப்பந்தம்.

ஒரே ஒரு இடத்தில்தான் என்னால் தப்ப முடிவதில்லை. தொழுகையில். இமாம் ஓதி நிறுத்தி மூச்செடுக்கும் அந்த ஒரு கணம், அவ்வளவு பேர் நின்றும் ஒரு சத்தம் இராது, அதற்குள் 'ஸ்ஸ்' வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் பள்ளியில் ஃபேனுக்கு நேர் கீழே ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. வெக்கை தாங்காத மனிசன் என்று நினைத்து இடம் விடுகிறார்கள்.

காதுச்சோதனை_கல்முனை (பகல் 1.05)

நான் டொக்டர் இல்லை, கேட்டல் பரிசோதனை செய்வதுதான் என் வேலை. சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் வைப்பதற்கு முதல் ஒன்று கேட்கவேண்டும். ஓடாவி அண்ணன், உங்களுக்கு ஓடியோகிராம் (எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் படம்) எடுத்தார்களா? லைட் அடித்துப் பார்ப்பது குறும்பி அடைத்திருக்கிறதா, செவிப்பறையில் ஓட்டையா என்று பார்க்க. எவ்வளவு கேட்கிறது என்பது அதில் தெரியாது. காது கிளினிக் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு எடுங்கள். இந்த இழையை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: ஒரே ஒரு காதில் மட்டும் இரைந்தால், அல்லது நாடித் துடிப்போடு சேர்ந்து 'துக் துக்' என்று அடித்தால், தலைசுற்றும் கூட வந்தால், ஃபேனைத் தேடாமல் ஈஎன்டி டொக்டரைத் தேடுங்கள். ஒரு நாளில் திடீரென்று ஒரு காது கேளாமல் போனால் அது அவசரம். அதற்கு ஸ்டீரொய்ட் கொடுத்துப் பார்ப்பார்கள், நாள் கடக்கக் கடக்கப் பலன் குறையும். 'சளி, தானாக விடும்' என்று மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமும் வரும், பாவமாகவும் இருக்கும்.

சரி, இரைச்சலுக்கு வருவோம். உள்காதில் நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதில் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள். வாசல் பக்கம் இருப்பவை கூர்மையான சத்தத்துக்கு, உள்ளே போகப் போகத் தடித்த சத்தத்துக்கு. மிஷின் சத்தத்தில் பெரும்பாலும் முதலில் சாவது கூர்மையான பக்கத்துக் கலங்கள். ஓடாவிமார், மில்காரர், நெசவுகாரர் எல்லோருடைய படத்திலும் 4,000 ஹேர்ட்ஸுக்குக் கிட்ட ஒரு பள்ளம் விழுந்திருக்கும். செத்தது திரும்ப முளைக்காது. அந்தப் பக்கத்திலிருந்து சேதி வராததால் மூளை தன் பக்கத்து வொலியூமைக் கூட்டுகிறது என்பதுதான் இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் ஏற்கிற விளக்கம். ஸ்டேஷன் பிடிபடாத ரேடியோவைக் கூட்டினால் இரைச்சல்தானே கூடும்?

இது நோயாளிக்கு மட்டும் உள்ள விஷயமும் இல்லை. 1953இல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காதில் ஒரு குறையும் இல்லாத 80 பேரைச் சத்தம் புகாத அறையில் இருத்தி, என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 வீதமானவர்கள் ஏதோ ஒரு இரைச்சல் கேட்பதாகச் சொன்னார்கள். முழு அமைதி யாருக்கும் நல்லதில்லை, காது இரைகிறவருக்கு இன்னும் மோசம். 'அமைதியான அறையில் படுத்து ஓய்வெடுங்கள்' என்ற புத்திமதி இந்த இடத்தில் தலைகீழ்.

இப்போது அண்ணன் செய்த பிழை. 'கீ' கேட்காமல் போகும் வரைக்கும் கூட்டியது. கேட்காத சத்தத்துக்கு மூளை எப்படிப் பழகும்? 1990 தொடக்கம் யாஸ்ட்ரெபோஃப் என்பவர் சொல்லிவந்த வழி இதற்கு நேர் எதிர்: வெளிச் சத்தத்தை இரைச்சலோடு கலக்கத் தொடங்கும் மட்டத்துக்குள் வைப்பது. இரண்டும் கேட்கவேண்டும். கறுப்புச் சுவரில் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரியும். சுவரைச் சாம்பல் நிறமாக்கினால் புள்ளி அங்கேயே இருக்கும், கண்ணில் குத்தாது. அவர் முறையில் இது பன்னிரண்டு, பதினெட்டு மாத வேலை, ஒரு கிழமையில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இயர்போனை எடுத்துவிடுங்கள். ஸ்பீக்கர், ஃபேன், ரேடியோ, எதுவானாலும் அறைக்குள் இருக்கட்டும், காதுக்குள் வேண்டாம். வேலைத் தலத்தில் 85 டெசிபெல் என்றால் நாளுக்கு 8 மணிநேரம்தான் கணக்கு. 3 டெசிபெல் கூடக்கூட நேரம் பாதியாகும், 94க்குப் போனால் 1 மணிநேரம். ஒரு கை தூரத்தில் நிற்கிற ஆளோடு கதைக்கக் குரலை உயர்த்த வேண்டி வந்தால் 85ஐத் தொட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். பிளேனருக்குப் பக்கத்தில் காதுக்கவசம் கட்டாயம். ஆனால் பயந்துகொண்டு வீட்டிலும் காதை அடைத்துக்கொண்டு திரியாதீர்கள், அது மூளையை இன்னும் கூட்டச் சொல்லும்.

நாட்டுமருந்து (பகல் 2.30)

இவ்வளவு கதை தேவையில்லை. உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் இளஞ்சூட்டில் இரண்டு துளி, மூன்று நாள். ஜிங்கோ மாத்திரையும் நல்லது என்று சொல்கிறார்கள்.

காதுச்சோதனை_கல்முனை (மாலை 5.45)

செவிப்பறையில் ஓட்டை இருக்கிறவர் எண்ணெய் விட்டால் அது நடுக்காதுக்குள் போகும். மறுகா சீழ் வடிகிறது என்று எங்களிடம் வருவார். சுருளுக்குள் செத்த கலத்துக்கும் செவிப்பறைக்கு வெளியே விடும் எண்ணெய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜிங்கோ, நாகம் (சிங்க்), மெலடோனின் மூன்றையும் இதற்குச் சிபாரிசு செய்ய வேண்டாம் என்று 2014இல் வந்த அமெரிக்க ஈஎன்டி வழிகாட்டி எழுதிவிட்டது.

நியாயமாக என் பக்கத்தையும் சொல்லவேண்டும். சத்தம் வைக்கும் கருவிகளைப் பற்றி 2018இல் ஒரு கொக்ரேன் மீளாய்வு, அதாவது பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுகிற அறிக்கை, வந்தது. 8 ஆய்வுகள், 590 பேர். கருவி எதுவும் இல்லாமல் விளக்கம் மட்டும் கொடுத்ததைவிட இது மேல் என்று சொல்ல ஆதாரம் போதாது என்றுதான் முடித்தார்கள். இரைச்சலால் வருகிற பதற்றத்தைக் குறைப்பதில் கூடிய ஆதாரம் உள்ளது மனநலப் பக்கத்து முறைக்கு, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பதற்கு. பிறகு ஏன் ஃபேனைப் போடச் சொல்கிறேன்? செலவில்லை, அளவாக வைத்தால் கெடுதல் இல்லை, நித்திரை வருகிறது. நித்திரை கெட்ட ஆளுக்கு எந்த இரைச்சலும் பெரிதாகத்தான் கேட்கும்.

திராய்மடு_தையல் (இரவு 10.20)

நான் பொதுவாக வாசித்துவிட்டுப் போய்விடுவேன். ஒன்று மட்டும் எழுதலாம் என்று வந்தேன்.

எனக்கு 2016இலிருந்து. கேட்டல் பரிசோதனையில் கொஞ்சம் குறைவுதான் என்றார்கள், காதுக்கு மிஷின் வேண்டாமாம். மகள் காதிரைச்சலுக்கு என்று ஒரு செயலியைப் போனில் போட்டுத் தந்தாள். திறந்தவுடன் முதலில் வருவது கடல் அலை. அடுத்ததும் கடல்தான், 'இரவுக் கடல்'. நித்திரைக்குக் கடலைவிட நல்ல சத்தம் உலகத்தில் இல்லை என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

நாங்கள் நாவலடி. 2004க்குப் பிறகு இங்கே வந்தோம். அவ்வளவு சொன்னால் நம்முடைய ஆட்களுக்கு விளங்கும்.

அரை நிமிடம் கேட்டேன். நெஞ்சு படபடத்து, கை வியர்த்து, மகளுக்குக் காட்டாமல் நிறுத்திவிட்டேன். அன்றிரவு காதும் சேர்ந்து கூடிக்கொண்டது. ஏதோ எனக்குத்தான் இந்த வைத்தியம் ஒத்துவராது என்று ஒரு வருடம் சும்மா இருந்தேன். பிறகு யோசித்தால், பிழை வைத்தியத்தில் இல்லை. எனக்கு அந்தச் சத்தத்துக்குள் ஒரு கதை இருக்கிறது. கதை இருக்கிற சத்தம் உதவாது. மழை நல்லது என்பார்கள், ஆனால் ஒழுகுகிற வீட்டுக்காரர் மழைச் சத்தம் கேட்டால் சட்டி தேடுவாரா, நித்திரை கொள்வாரா?

கடைசியில் எனக்குச் சரிவந்தது அப்பாவின் பழைய ட்ரான்சிஸ்டர். எஃப்எம் பக்கம் இல்லை, மீடியம் வேவ். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் முள்ளை வைத்தால் 'ஷ்ஷ்' என்று ஒரு சத்தம். அதில் யாரும் இல்லை, எதுவும் நடக்கவில்லை. ஒரு சிக்கல்: பகலில் வெறுமையாக இருந்த இடத்தில் இரவு பத்துக்குப் பிறகு தூரத்து இந்திய ஸ்டேஷன்கள் ஏறிவரும். யாரோ தெலுங்கிலோ எதிலோ கதைப்பார்கள். கதை விளங்காவிட்டாலும் மனம் அதற்குப் பின்னால் போகும். அதனால் இருட்டிய பிறகுதான் இடம் தேடவேண்டும். நான் கண்டுபிடித்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன்.

பகலில் தையல் மிஷினே போதும்.

காதுச்சோதனை_கல்முனை (இரவு 10.50)

அக்கா, 'கதை இருக்கிற சத்தம் உதவாது'. இதை நான் நாளைக்கே ஒருவருக்குச் சொல்லப்போகிறேன். நானும் இத்தனை காலம் எல்லோருக்கும் கடல் அலையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், கரையோரத்தில் இருந்துகொண்டே. மன்னியுங்கள்.

அக்கரைப்பற்றான்_லண்டன் (அதிகாலை 3.30)

அக்கா சொன்னதற்கு மறுபக்கம் ஒன்று. இங்கே பனிக்காலத்தில் இரட்டைக் கண்ணாடி யன்னல்களை மூடினால் அறைக்குள் ஒரு பூச்சி கூடப் பறக்காது. அந்த அமைதியில்தான் என் காது முதல் முதலாக வாயைத் திறந்தது. ஊரில் இருந்த காலத்திலேயே இருந்திருக்கும் போல. காகமும் ஓட்டோவும் கோயில் ஒலிபெருக்கியும் மூடி வைத்திருந்தன.

உம்மாவோடு கதைக்கும்போது அவருக்குப் பின்னால் கேட்கிற முற்றத்துச் சத்தம் காதுக்கு ஒரு இதமாக இருக்கும். அதைப் பதிந்து அனுப்பச் சொல்லி மருமகனிடம் கேட்டேன். இரண்டு மணிநேரம் பதிந்து அனுப்பினான். முதல் இரவே நல்ல நித்திரை, இரண்டு மணிக்குச் சேவல் கூவி எழுப்பிவிட்டது. அப்புறம் வெறும் இரைச்சலுக்கே போய்விட்டேன். வெள்ளை, பிங்க், பிரவுண் என்று வைத்திருக்கிறார்கள். வெள்ளை 'ஸ்ஸ்' என்று கூர்மையாக இருக்கும். பிங்க் ஒவ்வொரு ஒக்டேவுக்கும் (அதிர்வெண் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு படிக்கும்) 3 டெசிபெல் இறங்கும், பிரவுண் 6 இறங்கும், அதனால் அது தூரத்து லொறி மாதிரி தடிப்பு. நான் பிரவுண் ஆள். தலையணைக்குள் வைக்கிற தட்டையான ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது, பக்கத்தில் படுப்பவருக்குக் கேட்காது.

அந்த மனநலச் சிகிச்சைக்கும் போனேன். 'நான் பைத்தியம் இல்லையே' என்று முதலில் எனக்குக் கோபம்தான். அவர்கள் சத்தத்தைத் தொடவேயில்லை. சத்தம் கேட்டவுடன் நான் எனக்குள் சொல்லிக்கொள்வதைத்தான் பிடித்தார்கள்: 'இன்றைக்கும் நித்திரை போச்சு, நாளை வேலை போச்சு'. அதை எழுதச் சொல்லி, பிறகு எத்தனை நாள் உண்மையில் வேலை போனது என்று எண்ணச் சொன்னார்கள். ஒரு நாள் கூட இல்லை.

வாவிக்கரையான் (காலை 7.00)

பகிடி விட்டதற்கு மன்னிப்பு. பிழை தீர்க்க இரண்டு விஷயம் கொண்டு வந்திருக்கிறேன்.

மீன் விஷயத்தையே முதலில். எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1848இல் நம்முடைய வாவியில் தோணியில் போய் இதைக் கேட்டு எழுதியிருக்கிறார். ஈர விரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற மாதிரி மெல்லிய சத்தம் என்பது அவர் சொன்ன ஒப்பீடு. அவரிடம் ஊரவர்கள் காட்டியது மீனை இல்லை, ஊரி என்கிற சிறு நத்தையை. துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்பது நம்முடைய ஆட்களின் பழைய வழக்கம். ஓடாவி அண்ணனின் 'கீ'யும் குவளைச் சத்தமும் கிட்டத்தட்ட ஒரே சாதி என்பதால்தான் அன்றைக்கு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

இரண்டாவது, சத்தத்தால் சத்தத்தைச் சமாளிப்பது நேற்று வந்த யோசனை இல்லை. பிரான்ஸில் இத்தார் என்ற காது வைத்தியர் 1821இலேயே எழுதிவிட்டார். ஈர விறகைப் போட்டு அடுப்பெரித்து அதன் சத்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது, தண்ணீரால் ஓடும் மில்லுக்குப் பக்கத்தில் போய்க் குடியிருப்பது என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். ஈர விறகு எங்கள் அம்மம்மா வீட்டில் மாரி முழுக்க எரிந்தது, கண்ணெரிச்சலைத் தவிர வேறு பலன் தெரியவில்லை. பிறகு 1970களில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் வெர்னன் என்ற ஆய்வாளரிடம் காதிரைச்சல் உள்ள வைத்தியர் ஒருவர் வந்தார். இரண்டு பேரும் நடந்துபோகையில் ஒரு நீரூற்றுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அந்த இடத்தை விட்டு வர வைத்தியருக்கு மனமில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் அவருடைய இரைச்சல் கேட்கவில்லை. காதில் மாட்டுகிற மறைப்புச் சத்தக் கருவிகள் அதிலிருந்துதான் தொடங்கின.

முகத்துவாரம்_போட் (காலை 11.10)

எஞ்சின் போட் ஓட்டுகிறேன். கடலில் வலையை விட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தினால் உடனே காதுக்குள் எஞ்சின் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் தணியும், ஆனால் இந்த வருடம் தணிய நேரம் எடுக்கிறது. தையல் அக்கா கடல் வேண்டாம் என்கிறார். எனக்குக் கடலைத் தவிர வேறெதுவும் கேட்டால் நித்திரை வராது. ஆளுக்கு ஆள் போல.

காதுச்சோதனை_கல்முனை (பகல் 1.15)

தணிய எடுக்கும் நேரம் கூடுகிறது என்றால் காது உங்களுக்குக் கடிதம் போடுகிறது, தம்பி. எஞ்சின் பக்கம் இருக்கும்போது கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கோயில் சடங்குகளில் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் நிற்காதீர்கள். அந்தச் சத்தத்தில் இரைச்சல் மறைந்து சுகமாகத்தான் இருக்கும், வீட்டுக்கு வந்தால் வட்டியோடு கேட்கும்.

ஓடாவி_ஆரையம்பதி (மூன்று கிழமைக்குப் பிறகு, இரவு 9.30)

வந்துவிட்டேன். பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் படம் எடுத்தார்கள். தங்கச்சி சொன்ன பள்ளம் அப்படியே 4,000இல் இருக்கிறது, வலது பக்கம் ஆழம். படத்தைப் பார்த்தவுடன் ஏனோ பாதி பயம் போய்விட்டது. இவ்வளவு நாளும் தலைக்குள் ஏதோ வளர்கிறது என்று யாருக்கும் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டறையில் கவசம் போடுகிறேன். முதல் இரண்டு நாள் கூட வேலை செய்கிற பெடியன் சிரித்தான். மூன்றாம் நாள் தனக்கும் ஒன்று கேட்டான்.

இப்போது இரவு விஷயம். தையல் அக்காவின் வழியைப் பிடித்தேன். மச்சானிடம் ஒரு பழைய ரேடியோ கிடைத்தது. வொலியூம் குமிழ் உடைந்து வெறும் தண்டு, இடுக்கியால்தான் திருப்பவேண்டும். முதல் இரவு கட்டிலில் இருந்துகொண்டு ஒரு மயிரளவு திருப்புவது, கண்ணை மூடிக் கேட்பது, திரும்ப ஒரு மயிரளவு. 'ஷ்ஷ்' கூடக் கூட 'கீ' அதற்குள் இறங்கி, ஒரு இடத்தில் அதன் கூர் மட்டும் மழுங்குகிறது. காணாமல் போகவில்லை. உளியின் வாயைக் கல்லில் ஒரு தரம் இழுத்த மாதிரி. அதிலிருந்து ஒரு பொடி கூட்டினால் 'கீ' முழுக்கப் போய்விடும், கை தானாக அங்கே போகப் பார்க்கிறது. போகவிடவில்லை. தண்டில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மனைவி முதலில் 'இதென்ன, வீட்டுக்குள் எண்ணெய்ச் சட்டி பொரிகிற மாதிரி' என்றார். ரேடியோவை என் பக்கத்து யன்னல் கட்டுக்கு மாற்றினேன். இப்போது அவர் எனக்கு முதல் உறங்கிவிடுகிறார். போன கிழமை நான் போட மறந்து படுத்தபோது 'அதைப் போடவில்லையா' என்று அவர்தான் கேட்டார்.

இருபத்தொரு இரவில் ஆறு இரவு மோசம். அதில் ஒன்று கரண்ட் போன இரவு. ரேடியோவுக்கு பற்றரி இருந்தது, ஆனால் ஃபேன் நின்றுவிட்டது. வழக்கமாகக் கேட்கிற இரண்டில் ஒன்று இல்லையென்றால் 'கீ' உடனே அந்த இடைவெளியைக் கண்டுபிடித்துவிடுகிறது. 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரைக்கும் கரண்ட் வெட்டியது ஞாபகம் வந்தது. நல்லவேளை அப்போது எனக்கு இது இல்லை. அந்த இரவு எழும்பி வெளிவாசலில் இருந்தேன். வாய்க்காலில் தவளை கத்திக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் இருந்தேன் தெரியாது, கதிரையிலேயே உறங்கிப்போனேன்.

சத்தம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை. இன்று பின்னேரம் ஒரு முதிரைக் கதவுக்குக் கீல் பூட்டிக்கொண்டிருக்கும்போதுதான், காலையிலிருந்து அதை நினைக்கவேயில்லை என்று நினைத்தேன். நினைத்தவுடன் வந்துவிட்டது, அது வேறு கதை.

நெசவு_மருதமுனை (இரவு 10.05)

அல்ஹம்துலில்லாஹ். ஆறு மோசம் என்றால் பதினைந்து நல்லது, தம்பி. தையல் தங்கச்சி, அந்த மாதிரி ரேடியோ இப்போது எங்கே எடுக்கலாம்? கடையில் கேட்டால் புளூடூத் பெட்டியைக் காட்டுகிறான். அதில் ஸ்டேஷன் இல்லாத இடத்துக்குப் போனால் தானாகச் சத்தத்தை அடக்கிவிடுகிறது, ஒரு 'ஷ்ஷ்' கூட இல்லை.

திராய்மடு_தையல் (இரவு 10.40)

புதியதில் அப்படித்தான் நானா, வெறும் இடத்தை விடமாட்டார்கள். முள் உள்ள பழையதாகப் பாருங்கள். அப்பாவின் பெட்டிக்குள் இன்னொன்று கிடக்கிறது. பின் மூடி இல்லை, பற்றரியை றப்பர் வளையம் போட்டுப் பிடிக்கவேண்டும். கல்முனைப் பக்கம் துணி எடுக்க வரும்போது கொண்டுவருகிறேன். பொட்டு மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊரில் ஸ்டேஷன் வேறு இடத்தில் ஏறும்.